வோட்டு இல்லாவிட்டால் என்ன, குப்பை உண்டே!

2025 நவம்பர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பதரை மணி இருக்கும். ராத்திரி பெய்த துலாமழையில் தெருவில் கணுக்கால் அளவு நின்ற தண்ணீர் அப்போதுதான் வடிந்திருந்தது. வாரம் முழுக்க லெட்ஜரையும் லோன் ஃபைலையும் கட்டிக்கொண்டு அழுகிறவனுக்கு ஞாயிறு காலை என்பது திண்ணை, காபி, பேப்பர். அதிலும் ஒரு கூட்டம் வந்து நின்றது. முன்னால் வேட்பாளர், பின்னால் ஏழெட்டுப் பேர், ஒருவர் கையில் வாக்காளர் பட்டியல். டிசம்பர் 9-ம் தேதி திருவனந்தபுரம் மாநகராட்சித் தேர்தல். எங்கள் வலியசாலைத் தெருவில் ஒரு வாரமாக இதே கதைதான்.

"சாரே, வோட்டு இவிடெயல்லே?" (ஐயா, வோட்டு இங்கேதானே?)

இல்லை, கும்பகோணத்தில் என்றேன். இதைச் சொன்னதும் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முந்தைய நாள் வந்த இரண்டு கூட்டமும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டன. நியாயம்தானே, வோட்டில்லாதவனிடம் என்ன பேச்சு? இவர் போகவில்லை. சிரித்துக்கொண்டே, "வோட்டில்லெங்கில் எந்தா சாரே, வேஸ்ட் உண்டல்லோ!" என்று சொல்லி ஒரு நோட்டீஸை என் மடியில் வைத்துவிட்டுத்தான் நகர்ந்தார். வோட்டு இல்லாவிட்டால் என்ன, குப்பை உண்டே! சுருக்கென்று இருந்தது. நாலு வருடமாக இந்தத் தெருவில் நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் குப்பை போட்டுக்கொண்டிருக்கிறோம். அது எங்கே போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அவர் யார், என்ன கட்சி, ஜெயித்தாரா தோற்றாரா என்பதெல்லாம் இங்கே கிடையாது. பொதுத்துறை வங்கியில் சம்பளம் வாங்குகிறவன் நான், நடத்தை விதிகள் என்று ஒன்று இருக்கிறது :-) என்னை உட்கார வைத்தது அந்த நோட்டீஸ். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

முதல் பக்கத்தில் வழக்கம்போல போட்டோ, சின்னம், கும்பிடு. உள்ளே வானத்தை வில்லாக வளைக்கிற வாக்குறுதி ஒன்றும் இல்லை. மழைநீர் ஓடை எங்கே அடைக்கிறது, வயசானவர்கள் கோயிலுக்கு நடந்து போக நடைபாதை எங்கே உடைந்திருக்கிறது, குழந்தைகள் விளையாட இடம் இல்லை, முற்றம் இல்லாத வீட்டுக்காரர்கள் சமையலறைக் கழிவை என்ன செய்வது - இப்படி நாலைந்து விஷயம். வருடத்துக்கு இரண்டு முறை வார்டுக் கூட்டம் போட்டு வரவு செலவு படிக்கப்படும் என்று ஒரு வரி. பின்பக்கத்தில் கையால் வரைந்த வரைபடம். தெருக்கள், ஓடைகள், கிள்ளியாறு, எந்த இடத்தில் தண்ணீர் நிற்கிறது என்பதற்குப் பெருக்கல் குறி. எங்கள் வாசலிலும் ஒரு பெருக்கல் குறி இருந்தது.

நான் பி.காம். வாக்குறுதியைப் பார்த்தால் அடுத்த கேள்வி, 'பணம் எந்தத் தலைப்பில் வரும்?' ஊர்ப்பக்கம் ஒரு வார்டு உறுப்பினர் இப்படித் திட்டம் போட்டால், 'அதெல்லாம் கமிஷனர் பார்க்கணும், சென்னையிலிருந்து ஆர்டர் வரணும்' என்றுதான் கேட்டுப் பழக்கம். ஆனால் கேரளாவில் மாநில பட்ஜெட்டோடு 'அனுபந்தம் நான்கு' என்று ஒரு தனிப் புத்தகம் சட்டசபையில் வைக்கிறார்கள். ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் நகராட்சிக்கும் மாநகராட்சிக்கும் அந்த வருடம் எவ்வளவு என்று பெயர் போட்டு அதில் இருக்கும். முதன்முதலாக அதைப் புரட்டியபோது, சும்மா சொல்லவில்லை, எனக்கு ஒரு மயக்கமே வந்தது. பணம் வரும் என்பது முன்கூட்டியே அச்சில் இருந்தால் அப்புறம் பேச்சு எதற்குச் செலவழிப்பது என்பதைப் பற்றித்தானே! அந்த நோட்டீஸ் எழுதியவர் கனவு காணவில்லை. அவர் பேசியதற்குப் பின்னால் முப்பது வருடக் கதை இருக்கிறது.

கதைக்கு முன் ஊரைச் சொல்ல வேண்டும். மலையாளத்தில் 'வலிய' என்றால் பெரிய. பெரிய சாலை. சாலை என்றதும் ரோடு என்று நினைக்காதீர்கள். நம் ராஜராஜ சோழன் மெய்க்கீர்த்தியில் காந்தளூர்ச் சாலை என்று வருகிறதே, அது இந்த இடம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். இங்கே இருக்கும் மகாதேவர் கோயிலுக்கே காந்தளூர் என்ற பெயர் உண்டு. சாலை என்பது வேதமும் சாஸ்திரமும் சொல்லிக்கொடுத்து, சோறும் போட்ட பள்ளி என்பது பலருடைய கருத்து. ராஜராஜன் இங்கே 'கலமறுத்தது' கப்பலையா, சாப்பாட்டுக் கலத்தையா, வேறு எதையாவதா என்று நூறு வருடமாகச் சண்டை நடக்கிறது. அதில் நான் தலையிடவில்லை. எனக்குப் பிடித்தது வேறு. கி.பி. 866-ல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவபுரத்தில் 95 பேருக்கு ஒரு சாலை ஏற்படுத்தினான். காந்தளூரில் உள்ள முறைப்படியே இங்கும் நடக்க வேண்டும் என்று செப்பேட்டில் எழுதி வைத்தான். ஒருவரை ஒருவர் திட்டினால் அபராதம், கூட்டத்துக்கு ஆயுதம் கொண்டு வரக்கூடாது என்றெல்லாம் அதில் விதிகள். இன்றைய கவுன்சில் கூட்டங்களுக்கும் தேவைப்படும்.

பிற்பாடு திருவிதாங்கூர் ராஜாக்கள் காலத்தில் கோயில் காரியத்துக்கும் அரண்மனை உத்தியோகத்துக்கும் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த தமிழர்களின் தெருக்கள் இங்கே வளர்ந்தன. பக்கத்திலேயே சாலைக் கடைத்தெரு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கியது. அடுத்தடுத்து ஒட்டிய வீடுகள், இடையில் ஒரே பொதுச்சுவர், ரயில் பெட்டி மாதிரி நீளம். பின்பக்கம் ஒரு கிணறும் ஒரு துண்டு முற்றமும் இருந்தால் அதிர்ஷ்டம். எங்கள் வீட்டில் அதுவும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், குப்பை விஷயத்துக்கு வரும்போது வேண்டியிருக்கும்.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு வீட்டுக்கார மாமியிடம் போனேன். மாமிக்கு எண்பது தாண்டிவிட்டது. பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் இதே தெரு. "இவாளுக்கெல்லாம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைதானே வழி தெரியும்" என்று ஆரம்பித்தவர், வரைபடத்தைப் பார்த்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "இப்படித்தான் மாமாவும் படம் வரைஞ்சுண்டு திரிஞ்சார். தொண்ணூத்தியேழோ எட்டோ. ரிட்டயர் ஆனப்புறம். ஞாயித்துக்கிழமைன்னா ஃபைலைத் தூக்கிண்டு கிளம்பிடுவார். கால் காசு கிடையாது கேட்டேளா!"

மாமா கணக்காயர் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தூக்கிக்கொண்டு போன ஃபைல்தான் ஜனகீயாசூத்திரணம், மக்கள் திட்டமிடல் இயக்கம்.

அதன் வேர் 1957-ல். இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் முதல் மந்திரிசபை அமைத்ததும் தன் தலைமையிலேயே நிர்வாகச் சீர்திருத்தக் குழு ஒன்றைப் போட்டார். அதிகாரத்தைக் கீழே கொண்டு போக வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. 1959 ஜூலை 31-ல் ஆட்சியே கலைக்கப்பட்டது, பேச்சு அப்படியே நின்றது. அதற்குப் பிறகு கேரளாவில் பஞ்சாயத்துத் தேர்தல் என்பதே 1963, 1979, 1988 என்று எப்போதாவது வருகிற கும்பமேளா. 1992-ல் நிறைவேறிய 73, 74-வது அரசியல் சட்டத் திருத்தங்களுக்குப் பிறகுதான் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை கட்டாயம் என்று ஆனது. 1995 செப்டம்பரில் தேர்தல், அக்டோபர் 2, காந்தி ஜயந்தி அன்று புதியவர்கள் பொறுப்பேற்றார்கள். மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அடுத்த வருடம் நாயனார் ஆட்சி வந்தது. 1996 ஆகஸ்ட் 17, மலையாள வருடப் பிறப்பான சிங்ஙம் ஒன்றாம் தேதி, இயக்கம் தொடங்கியது. மாநிலத் திட்ட ஒதுக்கீட்டில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்று முடிவு. திட்டக் குழுவின் துணைத்தலைவர் பொருளாதார நிபுணர் ஐ.எஸ்.குலாத்தி, உறுப்பினர் தாமஸ் ஐசக், மேலே வழிகாட்டும் குழுவுக்குத் தலைவர் தள்ளாத வயதில் அதே இ.எம்.எஸ். ஒரு மனிதர் 1957-ல் தொடங்கிய யோசனையை நடைமுறையில் பார்க்க நாற்பது வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1998 மார்ச்சில் இறந்துபோனார்.

வங்கிக்காரனாக எனக்கு ஆச்சரியம் இதன் வரிசை. சாதாரணமாக நாம் என்ன செய்வோம்? முதலில் திறமையை வளர்ப்போம், கணக்கு எழுதச் சொல்லிக்கொடுப்போம், அப்புறம் பணம் கொடுப்போம். இவர்கள் பணத்தை முதலில் அறிவித்துவிட்டார்கள். 990 கிராமப் பஞ்சாயத்துகளில் பலவற்றில் பொறியாளர் கிடையாது, கணக்கர் கிடையாது என்கிற மாதிரி நிலைமையில்! பணம் வந்துவிட்டது, திட்டம் எழுதியாக வேண்டும் என்று கழுத்தில் கத்தி வைத்த மாதிரி. முதலில் கிராம சபை கூடிக் குறை சொல்லும். சொன்னதைத் தொகுத்து வளர்ச்சி அறிக்கை. அதை வைத்து ஒரு கருத்தரங்கு. பிறகு பணிக்குழுக்கள் ஒவ்வொரு யோசனையையும் மதிப்பீட்டோடு எழுதும். எல்லாப் பணத்தையும் ரோட்டில் கொட்டிவிடக் கூடாது என்று உச்சவரம்பு, பெண்களுக்கான திட்டங்களுக்கு 10 சதவீதம். எழுதியவற்றில் பல, கூட்டல் கழித்தலே சரியில்லாத திட்டங்கள். அப்போது ஒரு யோசனை வந்தது. ஊரெல்லாம் ஓய்வு பெற்ற இன்ஜினியர்களும் கணக்கர்களும் சும்மா இருக்கிறார்களே, கூப்பிடுவோம் என்று. 'தன்னார்வத் தொழில்நுட்பப் படை' என்று பெயர். மாமியின் வீட்டுக்காரர் அதில் ஒருவர். யாரோ ஒரு பஞ்சாயத்தின் கிணறு மதிப்பீட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட, எழுபதை நெருங்கும் வயதில் பஸ் பிடித்துப் போயிருக்கிறார்.

"ஒரு ரூபா தப்புன்னாலும் திருப்பி அனுப்பிச்சுடுவாராம். அவா எல்லாம் இவரைக் கண்டா பயப்படுவா" என்றார் மாமி, முகமெல்லாம் சிரிப்பாக.

படம் வரைவதும் அங்கிருந்து வந்ததுதான். இயக்கத்துக்கு முன்பே, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் கண்ணூர் மாவட்டம் கல்யாசேரிப் பஞ்சாயத்தில் ஊர்க்காரர்களை வைத்தே நிலம், நீர், மண் எல்லாவற்றையும் வரைபடமாக்கிப் பார்த்தது. விஞ்ஞானிகள் ஒரு பக்கம், வயலில் நிற்கிறவர்கள் ஒரு பக்கம். ஓடை எங்கே அடைக்கும் என்று சாட்டிலைட்டுக்குத் தெரியாது, அந்தத் தெருவில் நாற்பது வருடம் மீன் விற்ற பெண்ணுக்குத் தெரியும். பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-ல் மக்களைக் கூட்டி பட்ஜெட் போட ஆரம்பித்ததை உலகமே கொண்டாடியது. அது ஒரு நகரம். இங்கே ஒரு மாநிலம் முழுக்க ஒரே வருடத்தில் இறங்கியது.

எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுதினால் மாமாவே மேலிருந்து திருப்பி அனுப்பிவிடுவார். கட்சிச் சண்டை இருந்தது, பயனாளி பட்டியலில் வேண்டியவர்கள் பெயர் இருந்தது, பயனாளிக் குழு என்ற பெயரில் பழைய கான்ட்ராக்டரே வேலை எடுத்தார் என்ற புகார் இருந்தது. 2001-ல் ஆட்சி மாறியதும் பெயரை மாற்றினார்கள். பிற்காலத்தில் அந்த 35-40 சதவீதம் சுருங்கி கால் பங்கை ஒட்டி வந்துவிட்டது. ஆனால் நிறுத்தவில்லை. இரு கூட்டணிகளும் மாறி மாறி வந்தும் அனுபந்தம் நான்கு மட்டும் வருடம் தவறாமல் வந்தது. எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது இதுதான்.

நகரத்தில் கதை கொஞ்சம் சுமார். கிராம சபைக்கு வீடு வேண்டும், ஆடு வேண்டும் என்று கேட்க ஆட்கள் வருவார்கள். நகரத்து நடுத்தரவர்க்கம் - என்னைத்தான் சொல்கிறேன் - கூட்டத்துக்கு வராது. தண்ணீர் வரவில்லை என்றால் போன் பண்ணும், குடியிருப்போர் சங்கத்தில் புலம்பும், சங்கம் ஒரு மனு கொடுக்கும். பஞ்சாயத்து அரசியலே வேண்டாம், வாழ்க்கை வசதி மட்டும் போதும் என்று கிளம்பியவர்களும் உண்டு. எர்ணாகுளம் பக்கம் கிழக்கம்பலத்தில் 2015-ல் ட்வென்டி20 என்ற அமைப்பு 19 வார்டுகளில் 17-ஐ ஜெயித்தது. பின்னால் இருந்தது கிட்டெக்ஸ் ஆடைக் கம்பெனிக் குழுமம். நல்ல ரோடு, மலிவு விலைக் காய்கறிக் கடை, வீடுகள். 2020-ல் நாலு பஞ்சாயத்துகளைப் பிடித்தார்கள். ஜனங்கள் சந்தோஷமாக வோட்டுப் போட்டார்கள், அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனாலும் ஒரு உறுத்தல். அங்கே வசதியைக் கொண்டு வருகிறவர் மனது வைக்கிறார், வருகிறது. அந்த மனது மாறினால் எந்தக் கூட்டத்தில் போய்க் கேட்பது? கடன் கொடுக்கும்போது நாங்கள் கேட்கிற கேள்விதான்: இந்த வருமானம் உங்களுடையதா, யாராவது தருவதா?

இப்போது குப்பைக்கு வருகிறேன்.

திருவனந்தபுரத்தின் குப்பை 2000-ம் வருடத்திலிருந்து நகரத்துக்கு வெளியே விளப்பில்சாலை என்ற ஊருக்குப் போனது. அங்கே உரமாக்கும் ஆலை ஒன்று. (சாலை என்று முடிகிற இன்னொரு ஊர், என்ன செய்ய!) குடும்பஸ்ரீ பெண்கள் வீடு வீடாக வாங்கிக்கொள்வார்கள், லாரி போகும், நகரம் பளிச்சென்று இருக்கும். பரிசெல்லாம்கூட வாங்கியிருக்கிறது. அந்தப் பக்கம் விளப்பில்காரர்களுக்கு நாற்றம், ஈ, கிணற்றிலும் ஓடையிலும் கறுப்பாக ஊறி வருகிற கழிவுநீர். பத்து வருடம் மனு கொடுத்துப் பார்த்தார்கள். 2011 டிசம்பர் 21-ம் தேதி விளப்பில் கிராமப் பஞ்சாயத்து ஆலையின் கேட்டைப் பூட்டிவிட்டது. பூட்டியது ஏதோ போராட்டக் குழு இல்லை, கவனியுங்கள். முந்தைய வருடம் வோட்டு வாங்கி வந்த பஞ்சாயத்து, தலைவர் ஷோபனகுமாரி. தலைநகரின் மாநகராட்சி ஒரு பக்கம், மாநில அரசும் நீதிமன்ற உத்தரவும் போலீஸும் ஒரு பக்கம். 2012-ல் இயந்திரங்களை உள்ளே கொண்டு போகப் போலீஸ் வந்தபோது ஊரே ரோட்டில் உட்கார்ந்தது, தலைவர் உண்ணாவிரதம் இருந்தார். ஆலை திறக்கவே இல்லை.

மாமி அந்த மாதங்களைச் சொல்லும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறார். தெருமுனையில் குவியல், ராத்திரி யாரோ கொளுத்துவது, புகை. "அப்போ எல்லாரும் அந்த ஊர்க்காராளைத்தான் திட்டினோம். மாமா மட்டும் திட்டலை. அவா செஞ்சது சரிதான், நாம பண்ணினதுதான் தப்பு கணக்குன்னார். எனக்குக் கோபம்கூட வந்தது."

தப்புக் கணக்கு என்ற வார்த்தையில் நான் நின்றுவிட்டேன். நகரத்தின் ஏட்டில் சுத்தம் என்ற வரவு, அதற்கான பற்று இன்னொரு ஊரின் ஏட்டில். இரட்டைப் பதிவு முறை தெரிந்தவனுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். திட்டமிடும் அதிகாரத்தைக் கீழே கொடுத்ததே இந்த இயக்கம்தான். கீழே இருந்த ஒரு பஞ்சாயத்து அந்த அதிகாரத்தை வைத்தே தலைநகரத்துக்கு எதிராக நின்றுவிட்டது.

அதன் பிறகு அவரவர் கழிவை அவரவர் இடத்திலேயே என்பது கொள்கையாகியது. கிச்சன் பின், பைப் கம்போஸ்ட், தும்பூர்முழி மாதிரி என்று சொல்லப்படும் கம்பி அடைப்புத் தொட்டிகள், பிளாஸ்டிக்கை மாதக் கட்டணத்துக்கு வாங்கிப் போக ஹரித கர்ம சேனைப் பெண்கள். நல்ல கொள்கை. பத்து சென்ட் தோட்டம் இருக்கிறவனுக்கு ரொம்ப நல்ல கொள்கை! பொதுச்சுவருக்கு இடையில் ரயில் பெட்டியில் வாழ்கிற எங்களுக்கு அந்த வாளியை வைக்க இடம் சமையலறைதான். மனைவி இரண்டு மாதம் முயன்றாள். புழு வந்தது. அப்புறம் நான் ஸ்கூட்டரில் போகும்போது கறுப்புப் பையை... சரி, முழுதாக எழுத வெட்கமாக இருக்கிறது. விட்டுவிடுங்கள். நோட்டீஸில் 'முற்றம் இல்லாத வீடுகள்' என்ற வரியைப் படித்தபோது அந்தப் பைதான் ஞாபகம் வந்தது.

பை எங்கே போகும் என்பதற்கு இந்த நகரம் ஒரு விலை கொடுத்திருக்கிறது. எங்கள் தெருவிலிருந்து நடந்து போகிற தூரம்தான் தம்பானூர் ரயில் நிலையம். அதற்கு அடியில் ஆமையிழஞ்சான் தோடு என்ற கால்வாய் ஓடுகிறது. 2024 ஜூலை 13-ம் தேதி அதில் குப்பை அள்ள இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் மழைவெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். நீச்சல் வீரர்கள் பிளாஸ்டிக் மலைக்குள் துழாவினார்கள். கடற்படைகூட வந்தது. 15-ம் தேதி உடல்தான் கிடைத்தது. அந்த இடம் ரயில்வேயின் பொறுப்பா, மாநகராட்சியின் பொறுப்பா என்று அதற்குள் வாக்குவாதம் ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கு எங்கள் கிளையில் யாருக்கும் வேலை ஓடவில்லை. டிவியைப் பார்த்துக்கொண்டே ஒரு சக ஊழியர், "நம்முடெ கவர் ஆயிரிக்கும்" என்றார் மெதுவாக. நம்ம கவராகத்தான் இருக்கும். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கும்பகோணத்தைப் பற்றி ஒரு பத்தி. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தமிழ்நாட்டு உள்ளாட்சித் தேர்தலைப் பழங்குடியினர் இட ஒதுக்கீட்டு விஷயத்தில் உயர் நீதிமன்றம் நிறுத்தியது. நகர்ப்புறத் தேர்தல் அப்புறம் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். இடையில் ஐந்து வருடத்துக்கும் மேல் தனி அலுவலர்கள். என் அப்பாவுக்குச் சாக்கடை அடைத்தால் கவுன்சிலர் வீட்டுக்குக் குடை எடுத்துக்கொண்டு நடக்கிற வழக்கம். 2016-க்குப் பிறகு நடப்பதற்கு வீடு இல்லை. 2019-ல் அவர் போய்ச் சேர்ந்தார், கவுன்சிலர் இல்லாத ஊரிலேயே. அதனால் 2022-ல் நான் லீவு போட்டு, ரயில் பிடித்துப் போய் வோட்டுப் போட்டேன். புதிதாக மாநகராட்சி ஆன ஊருக்கு முதல் மேயராக ஆட்டோ ஓட்டுநரான சரவணன் வந்தார். பெருமையாக இருந்தது. அந்த வருடம் நவம்பர் 1-ல் தமிழ்நாட்டு நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன, பம்மலில் முதல்வர் ஸ்டாலினே உட்கார்ந்தார். நகரத்து வார்டில் ஜனங்களைக் கூட்டிக் கேட்பது என்பது கேரளச் சட்டத்தில் 1994-ல் எழுதப்பட்டது. நமக்கு நடைமுறைக்கு வர இருபத்தெட்டு வருடம் பிந்திவிட்டது. இத்தனைக்கும் ஆயிரம் வருடத்துக்கு முன் உத்திரமேரூரில் குடவோலை போட்டவர்கள் நாம். நிலம் வைத்த ஆண்களுக்கு மட்டும்தான் அந்தச் சபை, அதை மறைத்துப் பீற்றிக்கொள்ளக் கூடாது. ஆனால் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினர்களும் நிற்கக்கூடாது என்று கல்லில் வெட்டி வைத்தானே பராந்தகன் காலத்து ஆள், அவன் எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் டிபார்ட்மென்ட்டில் இருக்க வேண்டியவன்.

தேர்தல் முடிந்தது. 101 வார்டுகளில் 50 இடம் பிடித்த பாஜக கூட்டணி முதல் முறையாக மாநகராட்சிக்கு வந்தது, வி.வி.ராஜேஷ் மேயர். எங்கள் தெருவில் போஸ்டர்கள் கிழிந்து மழையில் ஓடையை அடைத்தன, அதுவும் குப்பைதான். வார்டுக் கூட்டம் எப்போது என்று மாமியிடம் கேட்டேன். "நீங்கோ எதுக்குக் கேக்கறேள், உங்களுக்கு வோட்டே இல்லையே" என்றார்.

உள்ளாட்சிக்கான வாக்காளர் பட்டியலை இங்கே மாநிலத் தேர்தல் ஆணையம் தனியாகத் தயாரிக்கிறது. பெயர் சேர்ப்பது கஷ்டமில்லை, வாடகை ஒப்பந்தம் இருக்கிறது, ஆதார் இருக்கிறது. ஆனால் இரண்டு ஊரில் பெயர் வைத்துக்கொள்வது சரியில்லை, அங்கே எடுத்தால்தான் இங்கே. அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "டிரான்ஸ்ஃபர் வந்தா என்னடா பண்ணுவே? அப்பா பேருக்கு அடுத்தாப்பல இருந்த பேருடா அது" என்றாள்.

விண்ணப்பத்தில் பெயர், வயது, வீட்டு எண் எழுதிவிட்டேன். முந்தைய முகவரி என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. நோட்டீஸோடு சேர்த்து அலமாரியில் வைத்திருக்கிறேன். இன்றைக்கு ஹரித கர்ம சேனைப் பெண் வந்தபோது பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தோம். சமையலறை வாளிக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.